அண்டாவில் வைத்த கால்

பிரிஹிரா அத்தைக்கு விருந்தாளிகளின் முகம் தெரியாது. ஊர் கூடி விருந்தாளிகளை வரவேற்கிற எங்கள் மராயேயின் சமையற்கட்டு முப்பது ஆண்டுகள் அவள் கையில் இருந்தது. முன்முற்றத்தில், சபை வீட்டுக்கு எதிரே, வரவேற்பும் பேச்சும் பாட்டும் நடக்கும். அவள் பின்பக்கம் ஆவிக்குள் நிற்பாள். எந்த ஊர்ப் பெரியவர் வந்தார், என்ன பேசினார் என்று கேட்டால் கையை விரிப்பாள். ஆனால் சாப்பிட்டு முடித்துத் திரும்பி வரும் தட்டைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவாள்.

"எலும்பை எப்படி உறிஞ்சி வச்சிருக்கான் பாரு. இவன் பொண்டாட்டி வீட்டுல சரியா போடறதில்ல," என்பாள். "இந்தத் தட்டுக்காரிக்குப் பல்லு வலி. இவன் காதல்ல விழுந்திருக்கான், உருளைக்கிழங்கைக் கிளறிட்டே உக்காந்திருந்திருக்கான்."

பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். காதல் விஷயத்தில் ஒரு முறை தவறிவிட்டது. அந்த ஆளுக்கு வயிற்றுக் கோளாறு.

குள்ளமான உருவம். ஆம்பளைத் தொப்பி ஒன்றைச் சமையற்கட்டுக்குள்ளும் கழற்ற மாட்டாள். முழங்கை வரை சூட்டுத் தழும்பு. வாயைத் திறந்தால் யாருடைய மானமாவது கொஞ்சம் போகும். என் மானம் அதிகமாகப் போனது. என் பெயர் ஹாகோபா. ரயில் பாதையில் வேலை. கட்டை மாற்றுவது, பனி விழுந்தால் தண்டவாளத்தைச் சுரண்டுவது. வேலை நடுவே அப்படியே நின்று எதையாவது பார்த்துக்கொண்டிருப்பேன் என்று ஊரில் எனக்குப் பெயர். அது பொய்யில்லை.

எங்கள் ஊரில் குளிர்காலம் வந்தால் மலை ஊருக்குள் இறங்கி வந்துவிடும். காலையில் கதவைத் திறந்தால் வேலி இருக்காது, பாதை இருக்காது, பக்கத்து வீட்டுப் புகை மட்டும் வானத்தில் தனியாக நிற்கும். அந்த நாட்களில் ஊரில் எல்லோரும் கொஞ்சம் தூக்கத்திலேயே நடமாடுவோம். எழுப்புவதற்கு ஒன்றுதான் உண்டு, எலும்புக் கொதி. உப்பில் போட்ட பன்றி எலும்பை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊற விடுவாள் அத்தை. விடிந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு, மெல்ல மெல்லச் சூடேற்றி, மேலே வரும் நுரையை எடுத்து, அதன் பிறகு மூடியைத் தொட விடமாட்டாள். கொதி பாடத் தொடங்கியபின் கிழங்கு, சர்க்கரைவள்ளி. பூஹாக் கீரையைப் பச்சைத் தண்ணீரில் கசக்கிக் கசக்கிக் கசப்பை எடுத்து, ஓடைக்கீரையோடு சேர்த்துப் போடுவாள். கடைசியில் மாவுருண்டை. அந்தக் கொதியை ஒரு கிண்ணம் குடித்தவன் குளிரைப் பற்றிப் பேச மாட்டான். சுவரில் சாய்ந்து, வாயோரத்தில் கொழுப்பு மினுங்க, எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பான். அப்போது மட்டும் ஊரில் எல்லோரும் என்னைப் போல ஆகிவிடுவார்கள்.

மாவுருண்டைக்கு ஒரு கணக்கு வைத்திருந்தாள். சமையற்கட்டில் கடிகாரம் கிடையாது. முன்முற்றத்தில் ஒவ்வொருவர் பேசி முடித்ததும் அவர் ஆட்கள் எழுந்து ஒரு பாட்டுப் பாடுவார்கள். பலகைச் சுவர் வழியே அத்தை பாட்டுகளை எண்ணிக்கொண்டே இருப்பாள். வந்தவர்களின் கடைசிப் பாட்டு தொடங்கும்போது மாவுருண்டைகளைக் கொதியில் போட்டு மூடுவாள். பாட்டு முடிந்து, இரு பக்கத்தாரும் வரிசையில் நின்று எங்கள் வழக்கப்படி மூக்கோடு மூக்கு வைத்து வணங்கி, கை கழுவி, சாப்பாட்டுக் கூடத்தில் உட்காரும்போது உருண்டை பூத்து மிதக்கும். முப்பது ஆண்டில் ஒரு முறைகூட அவளுக்கு உருண்டை வேகாமல் போனதில்லை, ஒரு முறை தவிர. அந்த ஒரு முறையைத்தான் சொல்லப்போகிறேன்.

அதற்கு முன்னால் அண்டாவைச் சொல்ல வேண்டும். மூன்று கால் வைத்த வார்ப்பு இரும்பு அண்டா. எண்பது பேருக்குக் கொதிக்கும். பள்ளத்தாக்கில் ரயில் பாலம் கட்டிய காலத்தில், கூலிக்காரர்களின் முகாமில் இருந்து அத்தையின் தாத்தா மூன்று பன்றிகளைக் கொடுத்து வாங்கியது. ஊரெல்லாம் காய்ச்சலில் படுத்த வருடம் அத்தையின் அம்மா அந்த அண்டாவில் கொதி வைத்து வீடு வீடாகக் கொண்டுபோனாள். அதில் வெந்த எலும்புக்கு ஒரு ருசி உண்டு. இரும்பா, புகையா, அத்தனை குளிர்காலங்களின் கொழுப்பா, தெரியாது. நாங்கள் அண்டா ருசி என்போம்.

அந்த அண்டாவுக்காக அத்தையும் அவள் தங்கை ரிபேகாவும் பத்தொன்பது ஆண்டுகள் பேசவில்லை.

ரிபேகா கடற்கரைப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். அம்மா படுக்கையில் விழுந்தபோது புருஷன் வீட்டை விட்டுவிட்டு வந்து, எட்டு மாதம் கூடவே இருந்து பார்த்தாள். அம்மா போவதற்கு முன், அண்டா உனக்குத்தான் என்று அவளிடம் சொன்னாளாம். மூன்று நாள் துக்கம் முடிந்து, கடற்கரைக்காரர்கள் அண்டாவை வண்டியில் ஏற்ற வந்தபோது அண்டாவைக் காணோம். யாருக்கும் தெரியவில்லை என்றார்கள். அத்தையும் தெரியவில்லை என்றாள். ரிபேகா அக்காவை ஒரு நிமிடம் பார்த்தாள். மூக்கு வைக்காமல், கை கொடுக்காமல், வண்டியில் ஏறிப் போய்விட்டாள். ஒரு மாதம் கழித்து அண்டா எப்படியோ அடுப்பில் வந்து உட்கார்ந்தது. ஊர் ஒன்றும் கேட்கவில்லை. கொதி நன்றாக இருந்தது, எங்களுக்கு அது போதும். வெட்கமாகத்தான் இருக்கிறது இதைச் சொல்ல.

நான் சொல்லும் குளிர்காலத்தில் அத்தைக்கு ஐம்பத்தொன்பது வயது. கார்த்திகை மீன்கள், நாங்கள் மத்தாரிகி என்போம், விடியலில் மலைக்கு மேலே மறுபடி தலைகாட்டிய சமயம். எங்கள் பக்கம் ஜூலைதான் நடுக்குளிர்; அந்த ஜூலைக் கூட்டத்துக்குக் கடற்கரைக்காரர்களை அழைப்பது என்று முடிவானது. ஒரு மத்தியானம் அத்தை என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"உனக்கு எழுத்து நல்லா வரும்ல? ஒரு லெட்டர் எழுது," என்றாள்.

"யாருக்கு அத்தே?"

"கேள்வி கேக்காம எழுது. 'ரிபேகா, கூட்டத்துக்கு வா. அண்டாவை எடுத்துக்கிட்டுப் போ.' அவ்வளவுதான்."

"அன்புள்ள தங்கைக்குன்னு போடட்டுமா?"

"போட்டேன்னா கையை ஒடிச்சிருவேன்," என்றாள். கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வந்தாள். "சரி, போடு."

பதில் வரவில்லை. ஆனால் வருகிறவர்களின் பட்டியலில் ரிபேகாவின் பெயர் இருந்தது. அன்றிலிருந்து அத்தை யாரையும் கிண்டல் செய்யவில்லை. அண்டாவை வெளியே உருட்டிக்கொண்டு போய், மணலும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாள். மூன்று கால்களையும் தனித்தனியாகத் தேய்த்தாள். கடைசி முறையாக அதில் தங்கைக்குச் சமைத்துப் போட்டு, கையோடு கொடுத்தனுப்ப வேண்டும் என்பதுதான் அவள் நினைப்பு. அது ஒன்றைத் தவிர வேறு எதுவும் அவளுக்கு அந்த மாதம் கண்ணில் படவில்லை.

கூட்டத்தன்று காலை கீரை பறிப்பது என் வேலை. ஓடைக்கீரை முதல் நாளே பறித்தால் சோர்ந்துவிடும்.

"பாலத்துக்கிட்டேயே பறிச்சிட்டு வந்துரு," என்றாள் அத்தை. "வளைவுக்குப் போகாதே. அங்கே கரை நம்பறாப்பல இல்ல. நின்னு வேடிக்கை பாக்காதே. பதினோரு மணிக்கு ரயில்."

பாலத்தடியில் கீரை குட்டையாக இருந்தது. வளைவில் அடர்ந்து கிடக்கும் என்று எனக்குத் தெரியும். ரிபேகா சாப்பிடப்போகிற கொதி அல்லவா என்று நல்லதையே நினைத்துக்கொண்டுதான் போனேன். வெளிச்சம் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. ஓடைத் தண்ணீர் பனியைவிடச் சூடு, அதனால் அதன் மேல் ஆவி எழுந்து, கரையோரப் புதர்களில் தொட்டுத் தொட்டு நடந்துகொண்டிருந்தது. அதற்குள் கீரை அப்படி ஒரு பச்சையாக இருந்தது. கூடையை நிரப்பினேன். பிறகு நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. ஆவி என் காலைச் சுற்றி வந்ததால், நான் கரையில் நிற்கிறேனா தண்ணீரில் நிற்கிறேனா என்றே மறந்துபோனது. இன்னும் ஒரு அடி வைத்தேன். அங்கே கரை இல்லை.

தொடை வரை இறங்கினேன். பூட்ஸ் இரண்டும் நிரம்பிவிட்டன. கூடையை மட்டும் தலைக்கு மேலே பிடித்திருந்தேன். கரையேறி, பூட்ஸைக் கழற்றிக் கொட்டிவிட்டு மாட்டிக்கொண்டேன். திரும்பி இரண்டு மைல், பாதை முழுக்க முழங்கால் அளவுக்குப் பனி. முதலில் கால் வலித்தது. பிறகு வலி நின்றுபோனது, அப்பாடா என்று இருந்தது. பாதி வழியில் யாரோ பக்கத்தில் நடந்து வருவது போல இருந்தது. சமையற்கட்டுப் புகை முன்னால் தெரிந்தது, அது பின்வாங்கிப் போய்க்கொண்டே இருந்தது. உட்கார்ந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. கூடையில் கீரை வாடிவிடுமே என்ற ஒரே பயத்தில்தான் உட்காரவில்லை. அத்தைமீது உள்ள பயம் என் உயிரைக் காப்பாற்றியது என்றுதான் சொல்ல வேண்டும்.

சமையற்கட்டில் அத்தையும் கிழங்கு சீவுகிற இஹையாவும் இருந்தார்கள். இஹையா எழுபதைத் தாண்டியவர், கத்தியைவிட நாக்கு கூர்மை.

"வாங்க மாப்பிள்ளை, கீரை பறிக்கப் போனீங்களா, கடலுக்கா?" என்றார்.

அத்தை கூடையைப் பிடுங்கினாள். என் முகத்தைப் பார்த்தாள். குனிந்து பூட்ஸை இழுத்தாள். சாக்ஸ் விறைத்து உருவத்தோடு கழன்று வந்தது. விரல்கள் மெழுகு நிறத்தில் இருந்தன. அவள் நகத்தால் ஒரு விரலை அழுத்தினாள்.

"தெரியுதா?"

"என்ன அத்தே?"

"ஐயோ பாவி," என்றாள்.

இஹையா சீவுவதை நிறுத்திவிட்டார். டாக்டர் வர வழியில்லை, சாலையில் இடுப்பளவு பனி. துவைக்கிற கொட்டகைத் தொட்டியில் தண்ணீர் அடிவரை கட்டியாகிக் கிடந்தது. கை கழுவுகிற பேசினில் ஒரு பாதம்கூட நுழையாது. அடுப்பில் அண்டா இருந்தது. எலும்பு போடுவதற்காகக் கால்வாசி நிரப்பி, வெதுவெதுப்பாக ஏறிக்கொண்டிருந்த தண்ணீர். அத்தை முழங்கையை அதில் விட்டுப் பார்த்தாள். குழந்தையைக் குளிப்பாட்டும் சூடு.

எங்கள் ஆட்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. உடம்புக்கானது வேறு, வாய்க்கானது வேறு. தட்டு துடைக்கிற துணியைச் சட்டையோடு சேர்த்துத் துவைக்க மாட்டோம். சாப்பாட்டு மேசையில் குழந்தை ஏறினால்கூடத் தூக்கி இறக்கிவிட்டுத்தான் மறுவேலை. காலோ தலையோ பட்ட பாத்திரம் அதற்குப் பிறகு அடுப்பேறாது, எத்தனை தேய்த்தாலும் ஏறாது. அன்றிலிருந்து அது கால் கழுவவும் துணி துவைக்கவும்தான்.

அத்தை முழங்கையைத் துடைத்தாள். ஒரு கிழங்கு சீவுகிற நேரம் அண்டாவையே பார்த்தாள்.

"இறக்குங்க," என்றாள்.

"பிரிஹிரா…" என்றார் இஹையா.

"இறக்குங்கன்னேன்ல?"

இருவரும் அண்டாவின் காதுகளில் கம்பியைக் கொடுத்து அதைத் தரையில் இறக்கினார்கள். எனக்கு அப்போதுதான் புரிந்தது. "வேணாம் அத்தே, வேணாம். ரிபேகா சின்னத்தை வர்றாங்க. விரல் போனா போகட்டும், எனக்கென்ன, நான் ஓட்டப்பந்தயமா ஓடப்போறேன்?"

"வாயை மூடிட்டுக் காலை விடுறா."

விட்டேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு வந்தது வலி. நான் அலறினேன். அத்தை என் முழங்கால்களை இரு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ஆவி எழுந்து அவள் தொப்பியை, முகத்தை மறைத்தது. கால் விரல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. வெள்ளை போய்ச் சிவப்பு வந்தது. அவள் தண்ணீருக்குள் பார்த்து எண்ணிக்கொண்டே இருந்தாள். பத்து வந்ததும் எழுந்தாள்.

எனக்கு அழுகை வலியால் மட்டும் இல்லை. "அத்தே," என்றேன். "நம்ம மூணு பேருக்குத்தானே தெரியும்? நல்லா தேச்சுக் கழுவிட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே," என்றாள். "பத்தொன்பது வருஷம் ஒண்ணை மறைச்சு வச்சிருந்தேன். போதும்டா."

"இவன் காலை வேக வச்ச தண்ணியில கொதி வச்சா, கடற்கரைக்காரனுக நம்ம மேல சண்டைக்கே வந்துருவானுக," என்றார் இஹையா.

இருவரும் தண்ணீரைக் கொட்டிவிட்டு அண்டாவைத் தூக்கிக்கொண்டு போய், துவைக்கிற கொட்டகையில் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அங்கே வைத்துவிட்டால் முடிந்தது. திரும்பி வந்தபோது அத்தையின் முகம் வெளிறிப்போயிருந்தது. வேண்டுமென்றே கெடுத்துவிட்டாள் என்றுதான் ரிபேகா நினைப்பாள். வேறு என்ன நினைப்பாள்? அழைத்துவிட்டு, வருகிற அன்று காலையில், அதுவும் ஒருத்தன் காலை விட்டு!

பிறகு இஹையா வீடு வீடாகப் போனார். பானை, குண்டான், பாலேடு காய்ச்சுகிற பாத்திரம் என்று ஒன்பது வந்து சேர்ந்தன. ஒன்றுக்கு மூடி இல்லை, ஒன்றுக்குக் கைப்பிடி இல்லை. உள்ளே மூன்று, வெளியே பனியில் நெருப்பு மூட்டி ஆறு. எலும்பைப் பங்கு போட்டாள், கிழங்கைப் பங்கு போட்டாள், கீரையை முறத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் கையளவு போட்டாள். ஒன்பது பாத்திரமும் ஒன்பது குரலில் கொதித்தன. வெளியே பனி மெல்ல விழுந்துகொண்டே இருந்தது, நெருப்புக்கு மேலே வந்ததும் காணாமல் போனது. எனக்கு இரண்டு காலிலும் கம்பளிக் கட்டு. அவளால் ஒன்பது பாத்திரத்துக்கு நடுவே ஓடிக்கொண்டே பாட்டை எண்ண முடியாது.

"சுவரோரமா உக்காரு," என்றாள். "பாட்டை எண்ணு. கடைசிப் பாட்டு வந்ததும் கத்து. தூங்கினே, தொலைச்சிருவேன்."

ரயில் வந்தது. அழைப்புக் குரல் எழுந்தது. எங்கள் பக்கம் பேசினார்கள், பாடினார்கள். அவர்கள் பக்கம் ஒருவர் பேசினார், ஒரு பாட்டு. இரண்டாமவர் பேசினார், ஒரு பாட்டு. மூன்றாமவர்தான் கடைசி, நீளமாகப் பேசினார். சுவரில் காதை வைத்து, அடுப்புச் சூட்டில் கண் செருகச் செருக, நான் தூங்கவில்லை. பிறகு ஒரு பெண் குரல் தனியாக எடுத்தது. தாழ்ந்த, அடித்தொண்டைக் குரல். அது கூட்டத்தில் பாடுகிற பாட்டே இல்லை, தாலாட்டு. காய்ச்சல் வருடத்தில் வீடு வீடாகப் போனபோது அத்தையின் அம்மா பாடியது என்று சொல்வார்கள். மற்றவர்கள் மெல்ல அதோடு சேர்ந்துகொண்டார்கள்.

"கடைசிப் பாட்டு!" என்று கத்தினேன்.

அத்தை கையில் மாவுருண்டைத் தட்டோடு வாசலில் நின்றாள். நகரவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டாள். அவள் தலையை நான் பார்த்தது அன்றுதான், முழுக்க வெள்ளை. கழுத்தைச் சாய்த்து, சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். முப்பது ஆண்டுகள் பாட்டுகளை எண்ணியவள் அன்று ஒரு பாட்டைக் கேட்டாள்.

"அத்தே, உருண்டை!" என்றேன். இஹையா என் தோளை அழுத்தினார். "விடுறா," என்றார். பாட்டு முடிந்து, வரிசையில் மூக்கு வைக்கத் தொடங்கிய பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது. அப்போது போட்டாள்.

சாப்பாட்டுக் கூடத்தில் சத்தம் எழுந்து, தட்டுகள் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். விருந்தாளிகள் பின்பக்கம் வருவதில்லை. சாப்பிட்டு முடித்து, சமைத்தவர்களைக் கூடத்துக்கு அழைத்து, அவர்களுக்காக ஒரு பாட்டுப் பாடுவதுதான் முறை. ஆனால் கதவு திறந்தது. உயரமான, கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு பெண், கையில் தட்டோடு நின்றாள். சாயலை வைத்து ரிபேகா என்று தெரிந்தது, அத்தைக்கு இருக்கிற அதே நாடி.

"இது அண்டா ருசி இல்ல," என்றாள்.

அத்தை அந்தத் தட்டைப் பார்த்தாள்.

"திரும்பவும் ஒளிச்சுட்டியா அக்கா?" என்றாள் ரிபேகா. அவள் குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. "ஆறு மணி நேரம் ரயில்ல உக்காந்து வந்தேன்."

நான் குனிந்து என் கால் கட்டை அவிழ்த்தேன். விரல்கள் வீங்கிச் சிவந்து கிடந்தன. "சின்னத்தே," என்றேன், "என் மேலதான் தப்பு. வளைவுக்குப் போகாதேன்னு சொன்னாங்க, போனேன். காலு செத்துப்போய் வந்தேன். அண்டாவுல மட்டும்தான் வெந்நி இருந்துச்சு. வேணாம்னு சொன்னேன், கேக்கல. வேணும்னா என்னைப் பிடிச்சு உதைங்க."

ரிபேகா தட்டை மேசையில் வைத்தாள். கிட்டே வந்து குனிந்து, விரல்களை எண்ணினாள். உதடு அசைந்தது.

"பத்து," என்றாள். பிறகு அக்காவைப் பார்த்தாள். "இந்தக் காலுக்காகவா? கொஞ்சம் அழகான காலாவது இருந்திருக்கக்கூடாதா?"

"இருக்கறதுதானே இருக்கும்," என்றாள் அத்தை. அது அவள் தங்கையிடம் சொன்ன முதல் வார்த்தை.

இருவரும் துவைக்கிற கொட்டகைக்குப் போனார்கள். நான் இஹையாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டிக்கொண்டே பின்னால் போனேன். போகாமல் இருக்க முடியுமா? அண்டாவின் விளிம்பில் புதுப் பனி உட்கார்ந்திருந்தது. ரிபேகா கையுறையைக் கழற்றி விளிம்பை ஒரு சுற்றுத் தடவினாள்.

"அன்னைக்கு வைக்கப்போருக்குள்ள ஒளிச்சு வச்சது நான்தான்," என்றாள் அத்தை. "நீ அம்மாவைப் பாத்துக்கிட்டே. நான் பாத்துக்கல. அம்மாவே உனக்குக் குடுத்துட்டுப் போனதை நான் ஒளிச்சு வச்சேன். வெக்கமா இருக்கு ரிபேகா."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"உன் தலைமுடியில வைக்கோல் ஒட்டிக்கிட்டிருந்துச்சு. அம்மா சவப்பெட்டிக்குப் பக்கத்துல நீ அழுதுகிட்டிருந்தப்ப பாத்தேன். எடுத்து விடலாம்னு கை போச்சு. அப்புறம் கோபம் வந்துருச்சு, விட்டுட்டேன்." ரிபேகா கையுறையை மடித்தாள். "அந்த வைக்கோலை எடுத்து விட்டிருக்கலாம். அதைத்தான் நினைச்சுக்கிட்டே இருப்பேன்."

அத்தை தலையைக் குனிந்து, தொப்பி இல்லாத அந்த வெள்ளைத் தலையை, தங்கையின் முன்னால் நீட்டினாள். ரிபேகா அதில் இல்லாத ஒன்றை விரலால் எடுத்து விட்டாள். பிறகு மூக்கும் நெற்றியும் ஒட்ட இருவரும் நின்றார்கள். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். நான் நேரம் பார்க்கத் தெரியாதவன், அன்றைக்கு எனக்கு அது போதவும் இல்லை.

பிரிந்ததும் ரிபேகா மூக்கைச் சிந்தினாள். கொட்டகை பெஞ்சில் உட்கார்ந்து, நனைந்த ஷூவின் நாடாவை அவிழ்க்கத் தொடங்கினாள்.

"இது இனிமே காலுக்குத்தானே? எனக்கும் காலு விறைச்சுக் கிடக்கு. டேய் பத்து விரல்காரா, வெந்நி கொண்டா."

நான் எங்கே கொண்டுவருவது? இஹையாதான் சலித்துக்கொண்டே மூன்று நடை நடந்தார். "எழுபது வயசுல எனக்கு இந்த உத்தியோகம்," என்றார். அண்டா பாதி நிரம்பியதும் ரிபேகா காலை விட்டாள். ஆ என்றாள். கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். அத்தை சாக்ஸைக் கழற்றினாள், ஒன்று சிவப்பு, ஒன்று சாம்பல் நிறம். பாவாடையை முழங்காலுக்கு ஏற்றிக்கொண்டு தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காலை விட்டாள். நான்கு கால்களும் அந்த இரும்புக்குள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு உட்கார்ந்தன. கூடத்தில் சமைத்தவர்களை அழைத்துப் பாடத் தொடங்கினார்கள். யாரும் போகவில்லை. ஆவி எழுந்து இருவரையும் சேர்த்து மூடியது, வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது, பேச்சுச் சத்தம் மட்டும் உள்ளிருந்து வந்தது.

"உருண்டை வேகல," என்றது ஒரு குரல்.

"நீ பாட்டை அப்படிப் பாடினா எப்படி வேகும்?" என்றது இன்னொன்று.

நான்கு மணி ரயிலில் ரிபேகா கிளம்பினாள். அண்டாவை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள், வேண்டாம் என்றுவிட்டாள். அதற்குப் பிறகு எங்கள் ஊரில் கொதி ஒன்பது பாத்திரத்தில்தான் வெந்தது. அண்டா ருசியைப் பற்றிப் பெரியவர்கள் கொஞ்ச காலம் பேசினார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். அடுத்த ஜூலையில் பனியைச் சுரண்டிக்கொண்டு நான் தண்டவாளத்தோரம் நின்றிருந்தேன், நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டுதான். ரயில் வந்தது. ரிபேகா சின்னத்தை பெட்டி படுக்கை ஒன்றும் இல்லாமல், கால் துடைக்க ஒரு துண்டை மட்டும் கையில் மடித்து வைத்துக்கொண்டு இறங்கினாள்.